ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை வெண்டைக்காய்?

(வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாதவரத்தில் கூடிய மாடித்தோட்டக்காரர்களும் பக்கத்து விவசாயிகளும் கேட்டவையும் என் பதில்களும்.)

தண்டையார்பேட்டை அக்கா: சார், தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்துறேன், யூரியாவும் போட்டேன். வெண்டை மஞ்சளாவே நிக்குது.

செடிப் பையின் அடியில் ஒரு தட்டு வையுங்கள் அக்கா. அதில் வழிந்து நிற்கிறதே, உங்கள் யூரியாவில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கும். மண்ணில் இரண்டு கணு வரை விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். காற்று இல்லாத வேர் உரத்தை எடுக்காது. மண் கொஞ்சம் காய்ந்த பிறகு, லிட்டருக்கு 2 கிராமுக்கு மிகாமல் யூரியா கரைத்து ஊற்றுங்கள்.

பெரம்பூர் தம்பி: அப்போ தண்ணியைக் குறைச்சா போதுமே, உரம் எதுக்கு?

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே போகும். அதே வழியில் தண்ணீரும் வெளியேறும். அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் பட்டினிச் செடி நோஞ்சானாக நின்றால் மண் வெயிலில் கிடக்கும், ஈரத்தை வெயிலே குடித்துவிடும். தழைச்சத்து (யூரியா தரும் நைட்ரஜன்) கிடைத்த செடி சீக்கிரம் நிழல் போடும். அதே தண்ணீர் செடி வழியாகப் போகும், காயாகும். அதற்காக அள்ளிப் போட்டால் இலைக்காடாகி, பூக்கும் நேரத்தில் மண் வறண்டு நிற்கும். சாம்பல்சத்தையும் (பொட்டாசியம்) மறக்காதீர்கள். இலைத்துளையைத் திறந்து மூடுவதில் அதற்குப் பெரிய பங்கு.

மீஞ்சூர் விவசாயி: ஐயா, நெல்லுக்குத் தண்ணி நின்னுக்கிட்டே இருக்கணுமா?

வேண்டாம். தண்ணீர் மட்டம் பார்க்க, ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் நடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பின் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள். 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். யூரியாவைத் தேங்கிய தண்ணீரில் வீசாமல், ஈரமண்ணில் தூவிவிட்டுப் பாய்ச்சுங்கள். ஆனால் உங்கள் பக்கம் கடல் உப்பு ஏறிய ஆழ்துளைக் கிணறுகள் நிறைய. தண்ணீர் கரித்தால் இந்த முறை வேண்டாம். காயக் காய உப்பு செறிந்துவிடும்.

செங்குன்றம்: சொட்டுநீரில் டி.ஏ.பி. உரம் கரைச்சு விடலாமா?

அடைத்துக்கொள்ளும். யூரியா, நீரில் முழுதாகக் கரையும் உரங்கள் சரி. சிறு, குறு விவசாயி என்றால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு, கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை: ஆர்.ஓ. மெஷினில் வீணாகும் தண்ணி?

வாளியில் பிடித்துத் தரை கழுவுங்கள், செடிக்கு வேண்டாம். அதில் இருப்பது வடித்து விட்ட உப்பு. மேலே உரமும் போட்டால் அதுவும் உப்புதான். உப்பு ஏறிய மண்ணில் வேரால் தண்ணீரை எளிதில் இழுக்க முடியாது. மண் ஈரமாகவே இருக்கும், செடி மட்டும் மத்தியானம் தலைசாய்த்து நிற்கும். நீங்கள் தாகம் என்று இன்னொரு வாளி ஊற்றுவீர்கள்.