வீணாய்ப்போன வேலையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவின் கேப் பிரெட்டன் தீவைச் சேர்ந்த ஃபிடில் (நாட்டுப்புற பாணியில் வாசிக்கும் வயலின்) கலைஞர் படி (Buddy) மெக்மாஸ்டரைப் பற்றிப் படித்தேன். அப்பா ஃபிடில், சகோதரி பியானோ, சகோதரர் மகள் நட்டாலி உலகப் புகழ். இசை ரத்தத்திலேயே ஊறிய குடும்பம். அவரோ 1988 வரை ரயில்வே வேலையில் காலத்தை வீணாக்கிவிட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் இசை தெரியாது. மகளை வயலின் வகுப்பில் சேர்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

'வீணாக்கிவிட்டார்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ரத்தக் கதையை விடுங்கள். அவருடைய அம்மா நடன மெட்டுகளை வாயாலேயே பாடுவார். பிள்ளைகள் கேட்டு வளர்ந்தார்கள், அவ்வளவுதான்.

அவருடைய ரயில்வே வேலை விஷயத்துக்கு வருகிறேன். ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து குடியேறியவர்களோடு வந்த ஃபிடில், அந்தத் தீவில் ஆட்டத்துக்கான வாத்தியம். ஜூடிக் போன்ற ஊர்களின் பொதுக்கூடத்தில் ஜோடிகள் சதுரமாக நின்று ஆடுவார்கள். ஜிக் என்ற ஆட்டமெட்டு முடிந்தால் ரீல் என்ற இன்னொரு வகை மெட்டு. ஒரு மெட்டு ஓயும் முன்பே அடுத்தது தொடங்கிவிட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் காலடிச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காகக் கனத்த தந்திகள் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் உயர்த்திக் கட்டுவார்கள்; வில் தொடாத தந்தியும் சேர்ந்து அதிரும். உட்கார்ந்து வாசிப்பவரின் கால் தரையில் தாளம் தட்டிக்கொண்டே இருக்கும். ஆடுகிறவர்கள் உருவாக்கிய வாசிப்பு அது. ரயில் நிலையத்தில் தந்திச் செய்தி அனுப்பிச் சம்பாதித்த மெக்மாஸ்டர் அவர்களுக்காகவே வாசித்தார். கச்சேரி டிக்கெட் விற்பனையை நம்பி அவர் வீட்டில் உலை கொதிக்கவில்லை. முதல் இசைத்தொகுப்பு 1989இல்தான் வந்தது. அதனால் என்ன குறைந்துவிட்டது?

1970களின் தொடக்கத்தில் கனடியத் தொலைக்காட்சி ஒன்று இந்தக் கலை அழிந்துவருகிறது என்றது. 1973இல் அதே தீவின் கிளெண்டேலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபிடில் கலைஞர்கள் ஒரே மேடையில் ஏறினார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்கு வேறு தொழில் வைத்திருந்தவர்கள். கலையைக் காப்பாற்றியது அவர்கள்தான் ஐயா!

என் அப்பா தபால் அலுவலக எழுத்தர். மார்கழி பஜனையில் மிருதங்கம் வாசிப்பார். 'முழுநேரமாக இறங்கியிருந்தால் எங்கேயோ போயிருப்பீர்கள்' என்று அவரிடம் உச்சுக்கொட்டிய உறவினர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை. எங்கேயோ போக யார் ஆசைப்பட்டார்கள்? அந்தத் தெருவில், அந்த ஜனங்களுக்கு நடுவில் வாசிக்கத்தான் அவர் ஆசைப்பட்டார். உங்கள் கடிதத்திலும் அதே உச்சுக்கொட்டல் கேட்டது.

மகளைத் தாராளமாகச் சேருங்கள். அரங்கேற்றம் எப்போது என்று கேட்டுக்கேட்டு அந்தக் குழந்தையின் உயிரை மட்டும் வாங்காதீர்கள்.