தண்டுகளை இணைக்கும் ஜாயின்ட்கள்: கேள்வி பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர்: ஐயா, காட்டர் ஜாயின்டை எங்கே போடுவது, நக்கிள் ஜாயின்டை எங்கே போடுவது?

தம்பி, இரண்டு தண்டுகளும் ஒன்றுக்கொன்று திரும்ப வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். நீராவி எஞ்சினின் பிஸ்டன் தண்டும், அதன் முனையை நேர்கோட்டில் நகர்த்தும் கிராஸ்ஹெட்டும் போல, ஒரே கோட்டில் நின்று இழுவிசையையும் அழுத்துவிசையையும் மாறி மாறித் தாங்க வேண்டுமானால் காட்டர், அதாவது இரு தண்டுகளின் குறுக்கே துளையில் அடிக்கும் தட்டை ஆப்பு, போடுங்கள். இழுவிசையைத் தாங்கிக்கொண்டே ஒரு தளத்தில் சற்றுத் திரும்பவும் வேண்டுமானால் நக்கிள் போடுங்கள்; அதில் ஒரு தண்டின் கவை முனைக்குள் (ஃபோர்க்) மற்றதன் துளையுள்ள முனையை (கண்) வைத்து, குறுக்கே ஒரு பின்னால் கோப்பார்கள். முறுக்குவிசையைக் கடத்தும் சுழல் தண்டுகளுக்கு இரண்டுமே ஆகாது.

வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர்: புதிதாகச் செய்த காட்டர் ஜாயின்ட் ஒரு வாரத்தில் ஆட்டம் காண்கிறது; ஆப்பை எவ்வளவு அடித்தும் இறுகவில்லை.

ஆப்பு நுழையும் துளையில் இடைவெளி விட்டீர்களா? நான் முன்பு வேலை பார்த்த பட்டறையிலும் இதே கோளாறு வந்தது. கழற்றிப் பார்த்தபோது ஆப்பின் தலை அடிபட்டு நசுங்கி விரிந்திருந்தது. துளையின் நான்கு சுவர்களிலும் உராய்ந்த பளபளப்பு தெரிந்தது. உண்மையில் ஸ்பிகாட்டில் (உள்ளே நுழையும் தண்டின் முனை) ஒரு சுவர், சாக்கெட்டில் (அதை ஏற்கும் குழல் முனை) ஒரு சுவர் என இரண்டை மட்டுமே ஆப்பு தொட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் அதனதன் தண்டை நோக்கிய பக்கத்தில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான், ஆப்பு இறங்க இறங்க ஸ்பிகாட் உள்ளே இழுக்கப்பட்டு, அதன் காலர் (புடைத்த வளையம்) சாக்கெட்டின் வாயில் அழுந்தும். துளை மிகக் கச்சிதமாகப் பொருந்துவதை நல்ல வேலைப்பாடு என்று நினைத்துவிடுகிறோம். இந்த இடத்தில் அதுவே கெடுதல். ஆப்பின் சாய்வு 24-க்கு 1 (24 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர்) முதல் 48-க்கு 1 வரை இருந்தால் உராய்வே ஆப்பைப் பிடித்துக்கொள்ளும். 8-க்கு 1 அளவுக்குச் செங்குத்தாகப் போனால் ஆப்பை இறுக்கிப் பிடிக்கும் திருகு (செட் ஸ்குரூ) கட்டாயம் வேண்டும்.

பெரம்பூரிலிருந்து ஒருவர்: ஆப்பில் ஒரு பக்கம் மட்டும் சாய்வு ஏன்?

இரு பக்கமும் சாய்வு கொடுத்தால் துளைகளையும் அதற்கேற்ப இருபுறமும் சாய்த்து வெட்ட வேண்டியிருக்கும். வேலை கூடுமே தவிர பலன் கூடாது.

காசிமேட்டில் வின்ச் பழுதுபார்ப்பவர்: 30 கிலோநியூட்டன் இழுவைக்கு நக்கிள் பின் எத்தனை மில்லிமீட்டர்?

தண்டில் 75 மெகாபாஸ்கல் (சதுர மில்லிமீட்டருக்கு 75 நியூட்டன்) இழுவிசைத் தகைவை அனுமதித்தால் விட்டம் 22.6 வரும், 25 எடுங்கள். பின்னுக்கும் அதே 25 போதும். பின் இரண்டு இடங்களில் வெட்டுவிசையைத் தாங்குவதால் அதன் தகைவு 31 மெகாபாஸ்கல் அளவில்தான் நிற்கும். இந்த மிச்சத்தை வீண் என்று எண்ணிப் பின்னை மெலிதாக்க வேண்டாம். ஃபோர்க்குக்கும் கண்ணுக்கும் இடையில் தேய்மானம் கூடக் கூடப் பின் வளையவும் தொடங்கும். கண்ணின் வெளிவிட்டம் 50, தடிமன் 31 மில்லிமீட்டர் வையுங்கள். உப்புக்காற்றில், நக்கிள் பின் கழன்றுவிடாமல் அதன் முனையில் செருகும் ஸ்பிளிட் பின்தான் முதலில் அரித்துப் போகும். கழற்றும் ஒவ்வொரு முறையும் புதியதைப் போடுங்கள்.