அமெரிக்கா வழியாகப் பறக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குக் கனடாவின் சுப்பர் விசா (பிள்ளைகளிடம் வரும் பெற்றோர் நீண்டகாலம் தங்கும் விசா) கிடைத்துவிட்டது. கொழும்பிலிருந்து நியூயோர்க் வழியாக ரொறொன்ரோ வரும் டிக்கெட் முந்நூறு டொலர் குறைவாக இருக்கிறது. அம்மா விமான நிலையத்தை விட்டு வெளியே வரப்போவதில்லையே, எடுக்கலாமா? (வாசகி, மார்க்கம்)

பதில்: எடுக்காதீர்கள் தங்கச்சி. கனடா விசா அமெரிக்காவில் செல்லாது. டுபாயிலோ டோகாவிலோ இறங்கி அடுத்த விமானத்தில் ஏறுபவர், அந்த நாட்டுக் குடிவரவு அதிகாரியைப் பார்க்காமலே போய்விடலாம். அமெரிக்காவில் அந்த ஏற்பாடே கிடையாது. இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறவரும் நாட்டுக்குள் நுழைகிறவராகத்தான் கணக்கு. அம்மாவுக்கு சி-1 என்ற ட்ரான்சிட் விசா வேண்டும். கட்டணமே 185 அமெரிக்க டொலர். கொழும்பில் தூதரகத்துக்கு நேர்முகத்துக்குப் போகவேண்டும். அதற்குப் பிறகும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. விசா இல்லாவிட்டால் கட்டுநாயக்காவிலேயே விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

‘முந்தி விசா இல்லாமலே மாறி வந்தார்களே’ என்று யாராவது சொல்லக்கூடும். சில நாட்டவர்களுக்கு அப்படி ஒரு வழி இருந்தது உண்மை. 2003 ஆகஸ்டில் அதை நிறுத்தினார்கள், பிறகு திறக்கவில்லை.

விசா கிடைத்தாலும் பொதிகளை யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குபவர்கள் பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, திரும்பப் போடவேண்டும். ஊரிலிருந்து வரும் அம்மாவின் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் இங்கிலிஷில் விளங்கப்படுத்த வேண்டிவரும், அடுத்த விமானத்துக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும். முந்நூறு டொலரைக் கூடக் கொடுத்து, டுபாய், அபுதாபி அல்லது டோகாவில் ஒரே ஒரு மாற்றத்தோடு எடுத்துக் கொடுங்கள். தள்ளுநாற்காலி வேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டும் கனடா பி.ஆர். (நிரந்தர வதிவிட) கார்டும் இருக்கின்றன. சென்னைக்குப் போக எனக்கும் அமெரிக்க விசா வேண்டுமா? (வாசகர், பிரம்டன்)

பதில்: அமெரிக்கா வழியாகப் போனால் வேண்டும். பொதுநலவாய நாட்டவர்களான நிரந்தர வதிவாளர்களுக்கு முன்பு இருந்த சலுகை 2003 மார்ச்சோடு போய்விட்டது. பிராங்பேர்ட்டில் மாறிப் போவதென்றால் உங்கள் பி.ஆர். கார்ட் கைகொடுக்கும். அது செல்லுபடியாக இருக்கும்வரை ட்ரான்சிட் விசா கேட்கமாட்டார்கள்.

கேள்வி: 1990களில் அகதியாக வந்து கனடாக் குடியுரிமை பெற்றவன் நான். பெரு நாட்டுக்குக் குடும்பத்தோடு போகிறோம், மியாமியில் மாறும் டிக்கெட். நண்பர்கள் எல்லாரும் ‘அமெரிக்காப் பக்கம் போகாதே’ என்கிறார்கள். இது வீண் பயமா? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: வீண் பயம் என்று சொல்லமாட்டேன் அண்ணா. எல்லாருக்கும் ஒரே காரணம் என்றும் சொல்லமாட்டேன். 2025இல் வரிச் சண்டையும் கனடாவை அமெரிக்காவின் ‘51ஆவது மாநிலம்’ ஆக்கும் பேச்சும் வந்த பிறகு, கோபத்தில் தவிர்ப்பவர்கள் பலர். அது அவரவர் உரிமை. நீங்கள் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்.

கனடாக் குடிமகனுக்கு விசாவோ, விசா தேவைப்படாத நாட்டவர்கள் இணையத்தில் எடுக்கும் எஸ்டா அனுமதியோ தேவையில்லை. ஆனாலும் அதிகாரி கேள்வி கேட்கலாம், மறுக்கலாம். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997 ஒக்டோபரில் தடைப்பட்டியலில் சேர்த்தது. கனடா 2006 ஏப்ரலில்தான் சேர்த்தது. அமெரிக்கச் சட்டத்தில் ‘ஆதரவு வழங்கியது’ என்பதன் எல்லை மிகப் பெரியது. வீட்டுக்கு வந்து கேட்டபோது பயத்தில் கொடுத்த காசும் சோறும்கூட அதற்குள் வரக்கூடும். வற்புறுத்தலுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் மியாமியில் வரிசையில் நின்றுகொண்டு அதை வாதாட முடியாது. எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் ஒரு குற்றமும் செய்யாமலே இந்தக் கேள்விக்குப் பயந்து சுற்றுப் பாதையில் பறக்கிறார்கள். அது எனக்கு மனவருத்தமான விஷயம். அவர்களைக் கோழைகள் என்று யாரும் பேசக்கூடாது.

டிக்கெட் போட வருபவர்கள் போகும் பயணத்தை மட்டுமே பார்க்கிறார்கள். போகும்போது பியர்சன் விமான நிலையத்திலேயே அமெரிக்க அதிகாரிகள் சோதித்துவிடுவார்கள். 1952இல் இருந்து ரொறொன்ரோவில் இந்த முறை உண்டு. அங்கே மறுத்தால் டிக்கெட் காசு போகும், மனம் நோகும், ஆனால் நிற்பது கனடா மண்ணில். வீட்டுக்கு வந்துவிடலாம். பெருவின் தலைநகர் லீமாவிலிருந்து திரும்பும்போது சோதனை மியாமியில், அமெரிக்க மண்ணில். அங்கே சிக்கல் வந்தால் தடுத்துவைக்கலாம், விரைவு வெளியேற்ற உத்தரவு போடலாம். அந்த உத்தரவுக்கு ஐந்து ஆண்டு நுழைவுத் தடை உண்டு. ஆகவே திரும்பும் பாதையைத்தான் முதலில் பாருங்கள்.

பழைய வழக்கு ஏதும் இருந்தாலோ, அகதி விண்ணப்பத்தில் அமைப்புகளைப் பற்றி எழுதியிருந்தாலோ, முதலில் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள். ‘இல்லை’ என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பொய் சொன்னதாகப் பதிவானால் ஆயுள் முழுக்கத் தடை வரலாம். உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை, முன்பு பலமுறை எல்லை கடந்திருக்கிறீர்கள் என்றால் மியாமி வழியாகவே போகலாம். மனம் ஒப்பவில்லையா? பனாமா சிட்டியில் மாறிப் போகும் வழி இருக்கிறது.

கேள்வி: அமெரிக்க எல்லை அதிகாரிகள் கைத்தொலைபேசியைத் திறந்து பார்ப்பார்களாமே? (வாசகி, மொன்றியல்)

பதில்: பார்க்கலாம். நீதிமன்ற ஆணை தேவையில்லை. கடவுச்சொல் கொடுக்காத வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பவும் முடியும். ஆனால் சோதனைக்கு உள்ளாகிறவர்கள் மொத்தப் பயணிகளில் மிகச் சிறு பங்குதான். அவர்களுடைய விதியின்படி, கருவியில் இருப்பதை மட்டுமே பார்க்கவேண்டும். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும். பிள்ளைகளின் படங்களும் குடும்பக் கதைகளும் வேறு ஒருவர் கண்ணில் படுவது உங்களுக்குப் பொறுக்காது என்றால், அதுவே அந்த வழியைத் தவிர்க்கப் போதுமான காரணம்.

கேள்வி: அப்படியென்றால் மெக்சிக்கோவின் கன்கூனுக்கு நேரடி விமானத்தில் போனால் அமெரிக்காவுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லைத்தானே? (வாசகர், ஏஜாக்ஸ்)

பதில்: முழுதாக அப்படி இல்லை. அந்த விமானம் அமெரிக்க வான்பரப்பைக் கடந்துதான் போகும். அப்படிக் கடக்கும் சர்வதேச விமானங்களின் பயணிகளுடைய பெயர், பிறந்த திகதி, பால் ஆகியவற்றை விமான நிறுவனம் அமெரிக்காவுக்குக் கொடுக்கவேண்டும். கனடா நாடாளுமன்றம் 2011இல் சட்டம் திருத்தி இதற்கு வழிவிட்டது. ரொறொன்ரோவிலிருந்து வன்கூவர் போவது போன்ற உள்நாட்டு விமானங்களுக்கு இது இல்லை.

உங்கள் பெயர் அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலில் உள்ள ஒரு பெயரோடு பொருந்தினால் போர்டிங் பாஸ் கிடைக்காமல் நிற்கவேண்டி வரலாம். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம்மாறி, ஒரே பெயர் பலருக்கு இருப்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து டிக்கெட் போடுங்கள், பிறந்த திகதியை இரண்டு தரம் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தடுத்து நிறுத்துகிறார்கள் என்றால், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் குறைதீர்ப்பு விண்ணப்பம் கொடுக்கலாம். அவர்கள் தரும் எண்ணை அடுத்த டிக்கெட் போடும்போது முகவரிடம் கொடுங்கள்.