அப்பா ‘ஹாட்லி’ உழைக்கிறாரா?

கேள்வி: என் மகள் உயர்தரம் முடித்துவிட்டு ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலச் சோதனைக்குப் படிக்கிறாள். என் கணவருக்குச் சந்தையில் மரக்கறி வியாபாரம். அப்பாவைப் பற்றிய கட்டுரையில் ‘மை ஃபாதர் வேர்க்ஸ் ஹாட்லி’ என்று எழுதினாள். பள்ளிக்கூட ரீச்சர் சிவப்பால் கீறிப் பிழை போட்டுவிட்டார், காரணம் சொல்லவில்லை. ரியூசன் மாஸ்ரரோ, “வினைச்சொல்லை விளக்குவது வினையடை, எல்.வை. சேர்த்தால் வினையடை, ஆகவே சரிதான்” என்கிறார். யாரை நம்புவது? இதற்கிடையில் வெளிநாட்டு அலுவல் பார்க்கும் ஒருவர், தன் வகுப்பில் சேர்த்தால் அந்தச் சோதனையில் 7 பாண்ட் புள்ளி நிச்சயம் என்று முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அம்மா. கொடுக்காதீர்கள்.

அந்தச் சோதனையின் எழுத்துப் பகுதியில் புள்ளி நான்காகப் பிரியும். கேட்டதற்குத்தான் எழுதியிருக்கிறதா, கருத்து கோர்வையாகப் போகிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு. இதில் எந்தப் பங்கை அந்த மனுசன் உங்கள் முற்பணத்துக்கு எடுத்துத் தரப்போகிறார்? “உள்ளே எங்களுக்கு ஆள் இருக்கு” என்று குரலைத் தாழ்த்தினால் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழும்பி வந்துவிடுங்கள். இப்படியானவர்கள் கடைசியில் கையில் தருவது பெரும்பாலும் ஒரு போட்டோக்கொப்பித் தாள்தான். மோர்ஓவர், ஃபேர்தர்மோர், அடிஷனலி என்று வரிசையாக வினையடைகள். கட்டுரையில் எங்கேயாவது செருகச் சொல்வார்கள். அப்படிப் படித்த ஒரு பிள்ளையின் கொப்பியைப் பார்த்தேன். முதல் வசனமே ‘மோர்ஓவர்’ என்று தொடங்கியது. மேலும் என்றால், எதற்கு மேலும்? அதற்கு முன்னால் தலைப்பு மட்டும்தான் இருந்தது.

சரி, ஹாட்லிக்கு வருவோம். ரீச்சர் சொன்னது சரி. ஆனால் காரணத்தையும் இரண்டு வரியில் எழுதியிருக்கலாம். சிவப்புக் கோடு எதையும் படிப்பிக்காது.

‘ஹாட்’ என்ற சொல் அப்படியே வினையடையாக வரும். ‘மை ஃபாதர் வேர்க்ஸ் ஹாட்’ என்றால் அப்பா பாடுபட்டு உழைக்கிறார். வாலில் எல்.வை. ஒட்டியதும் அது வேறு சொல்லாகிவிடுகிறது. ‘ஹாட்லி’ என்றால் ‘இல்லை என்றே சொல்லலாம்’ என்ற அளவு குறைவு. ‘ஐ ஹாட்லி ஈற்’ என்றால் நான் சாப்பிடுவதே இல்லை என்கிற மாதிரி. ‘வீ ஹாவ் ஹாட்லி எனி மணி’ என்றால் கையில் காசு இல்லாத குறைதான். முந்தைய ஆங்கிலத்தில் கடுமையாக என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு இருந்தது. இன்றைக்கு அதைச் சொல்லித் தப்ப முடியாது. விடியப்புறம் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிற மனுசனை மகள் ஒரே சொல்லில் சோம்பேறி ஆக்கிவிட்டாள். இன்னொன்று, ஹாட்லிக்குள் ‘இல்லை’ ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. அதனால் அதனோடு ‘நொற்’ சேர்த்து எழுதக் கூடாது. லேற், லேற்லி கதையும் இதேதான். பஸ் பிந்தி வந்தால் ‘லேற்’. ‘லேற்லி’ என்றால் அண்மைக் காலமாக.

எல்.வை. பற்றி இவ்வளவு போதும்.

மாஸ்ரரின் பெரிய பிழை, ‘வினைச்சொல்லை விளக்குவது வினையடை’ என்ற மற்றப் பாதியில் இருக்கிறது. வினையடை என்ற பெயரில் வினை இருக்கிறது, அட்வேர்ப் என்ற பெயருக்குள்ளும் வேர்ப் இருக்கிறது. இரண்டு மொழியிலும் பெயரே பிள்ளையை ஏமாற்றுகிறது. உண்மையில் அது வினையில் சாயும், பெயரடையில் சாயும், இன்னொரு வினையடையில் சாயும், சில வேளை முழு வசனத்தின் மேலும் ஏறி உட்காரும். ‘லக்கிலி, த பஸ் கேம்’ என்கிறோம். பஸ் எப்படி வந்தது என்பதையா ‘லக்கிலி’ சொல்கிறது? நல்ல காலம், பஸ் வந்தது, அவ்வளவுதான். உங்கள் பிள்ளைக்கு இது புதிதல்ல. தமிழ்ப் பாடத்தில் உரிச்சொல் படித்திருப்பாள். ‘சாலப் பேசினான்’ வினையோடு ஒட்டும், ‘உறு புகழ்’ பெயரோடு ஒட்டும். அந்தக் கொப்பியையும் ஆங்கிலக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துக் காட்ட எங்கள் பள்ளிக்கூடங்களில் ஒருவருக்கும் நேரமில்லை. 1823 இலேயே வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தில் உயர்கல்வி படிப்பித்த செமினரி தொடங்கிய ஊர் இது. மூன்றாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை ஒன்பது வருடம் ஆங்கிலம் படிக்கிறார்கள். வினையடைக்குக் கீழே கோடு போடு என்றால் போடுவார்கள். அது எந்தச் சொல்லோடு நிற்கிறது என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள்.

தமிழிலிருந்து நேரே தூக்கி வைப்பதால் வரும் மூன்று இடறல்களைச் சொல்கிறேன், பிள்ளையின் கட்டுரையில் தேடிப் பாருங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மிகவும் இனிப்பு, எனக்கு மிகவும் பிடிக்கும் என்று இரண்டு இடத்திலும் ஒரே ‘மிகவும்’ போடுகிறோம். ஆங்கிலத்து ‘வெரி’ அப்படி வராது. ‘வெரி ஸ்வீற்’ வரும், ‘வெரி ஸ்லோலி’ வரும், ஆனால் வினைச்சொல்லைத் தனியே தொடாது. ‘ஐ வெரி லைக்’ பிழை. ‘ஐ லைக் மாங்கோஸ் வெரி மச்’ என்று கடைசியில் போக வேண்டும்.

அடுத்தது இடம். ‘அவள் நன்றாக ஆங்கிலம் கதைப்பாள்’ என்று நினைத்துக்கொண்டு ‘ஷீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்’ என்று எழுதுகிறார்கள். எதைக் கதைக்கிறாள் என்ற சொல் வினையை ஒட்டியே நிற்க வேண்டும், நடுவில் ஆள் நுழையக் கூடாது. ‘ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்.’

மூன்றாவது ‘ஒன்லி’. எங்கள் ‘மட்டும்’ தான் சாரும் சொல்லுக்குப் பின்னால் வரும். ‘ஒன்லி’யை முன்னால் வைப்பதுதான் பத்திரம். உங்கள் அலுவலையே எடுப்போமே. ‘ஒன்லி ஐ கேவ் மணி’ என்றால் நான் மட்டும் காசு கொடுத்து ஏமாந்தேன், மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். ‘ஐ கேவ் ஒன்லி மணி’ என்றால் காசு மட்டும் கொடுத்தேன், பாஸ்போட் இன்னும் என் கையில்தான். ‘நான் மட்டும்’ என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் ‘ஐ ஒன்லி’ என்று எழுதுகிறார்கள். வாசிக்கிறவர் அதை இரண்டாவது பொருளில்தான் எடுப்பார்.

பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். தான் எழுதிய பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வினையடையிலிருந்தும் அது சாரும் சொல்லுக்குப் பென்சிலால் ஒரு அம்புக்குறி போடட்டும். அம்பு எங்கே போகிறது என்று தெரியாமல் பென்சில் நின்றால் அந்த வினையடையை வெட்டிவிடச் சொல்லுங்கள். வெட்டினாலும் வசனம் அநேகமாக நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை போதும். மாஸ்ரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ‘ஹாட்லி’ என்ற பக்கத்தில் அகராதியைத் திறந்து பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள், அவள் கேட்கட்டும். ஏற்கெனவே அந்த வெளிநாட்டு அலுவல்காரரிடம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.