ஒரே ஆசிரியர் பயிற்சிப் படிப்பு சிலருக்கு நிறைவாகவும் சிலருக்கு ஏமாற்றமாகவும் இருப்பது ஏன்? பின்னணிதான் காரணமா?

பயிற்சி மாணவியாக இருந்திருக்கிறேன். இப்போது பயிற்சிக்கு வருகிறவர்கள் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறேன். நான் பார்த்தவரை ஆணா பெண்ணா, கலையா அறிவியலா என்பதெல்லாம் அவ்வளவு பெரிய விஷயமில்லை. வரும்போது எதைக் கொண்டுவருகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். என் அறைத்தோழியின் அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர்கள். பாடக்குறிப்பு எழுதுவது வெட்டி வேலை என்பாள். எந்த இடத்தில் பிள்ளைகள் குழம்புவார்கள் என்பதைச் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவள் அவள். எனக்கோ அந்த நோட்டுதான் பிடிமானம். ‘பதில் வராவிட்டால் இதைக் கேள்’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பேன். கடைசியில் கருத்துப் படிவத்தில் நான் ஐந்துக்கு ஐந்து போட்டேன், அவள் இரண்டு போட்டாள். இரண்டுமே உண்மைதான்.

பள்ளியில் மாணவராக உட்கார்ந்த காலம் முழுக்க நாம் ஆசிரியர்களைப் பார்த்தே ஒரு பயிற்சி பெற்றுவிடுகிறோம் என்று சமூகவியலாளர் டான் லோர்டி 1975-இல் எழுதினார். ஆனால் அப்போது கண்ணில் படுவது கரும்பலகை முன்னால் நடப்பது மட்டுமே. அதற்கு முந்தைய நாள் ராத்திரி ஆசிரியர் யோசித்தது நமக்குத் தெரியாது. ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் தெரியும்.

நுண்நிலைக் கற்பித்தலிலும் இதே கதைதான். 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான முறை அது. நாலைந்து பேருக்கு ஐந்து பத்து நிமிடம் நடத்தி, குறை கேட்டு, திரும்ப நடத்த வேண்டும். கூச்சப்படுகிறவருக்கு அது வரம். ஏற்கெனவே சில வருடம் பாடம் எடுத்துவிட்டு வந்தவருக்கு விளையாட்டு மாதிரித் தெரியும்.

ஆனாலும், எந்தப் பின்னணியில் வந்தவரும் ஒரே மாதிரி மனம் நொந்துபோகும் இடம் ஒன்று உண்டு. வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காமல் நோட்டில் கையெழுத்துப் போடும் மேற்பார்வையாளர். எனக்கும் முதலில் வாய்த்தவர் அப்படித்தான். இரண்டாவதாக வந்த அம்மா பாடம் முழுக்க இருந்துவிட்டு, “கேள்வி கேட்டுட்டு நீ எவ்வளவு நேரம் காத்திருந்தேம்மா?” என்றார். ஒரு விநாடிகூட இல்லை. நானே பதிலைச் சொல்லியிருந்தேன். மூன்று விநாடி காத்திருந்தாலே பிள்ளைகளின் பதில் நீளும் என்று மேரி பட் ரோவ் ஆய்வு செய்து காட்டியதை அன்றைக்கு அவர்தான் சொன்னார். மறுநாள் மனசுக்குள் மூன்று எண்ணினேன். அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து நின்றான்.

பயிற்சி பற்றிக் கருத்துக்கணிப்பு நடத்துவதாக இருந்தால் ‘திருப்தியா’ என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பாடத்தை ஒருவர் முழுதாக உட்கார்ந்து எத்தனை முறை பார்த்தார் என்றும் கேளுங்கள்.