வழக்குக்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்

கேள்வி: அலுவலகக் கூரையில் தண்ணீர் கசிந்து, ஏசி காற்றோடு பூஞ்சை வாடை வருகிறது. ஆறு மாதமாகத் தலைவலி, கண் எரிச்சல், சோர்வு, வறட்டு இருமல். லீவு நாட்களில் இருமல் குறைகிறது. கார்பன் டை ஆக்சைடு மீட்டர் 1,400 காட்டுகிறது. ரத்தத்தில் பூஞ்சை ஐஜிஜி (பூஞ்சைக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ். நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடப் போகிறேன். சிகிச்சையில் குணமாகிவிட்டால் வழக்கு நிற்குமா? இப்போதைக்கு மருந்துக்கடை இன்ஹேலரும், மூச்சு முட்டினால் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எடுக்கிறேன்.

பதில்: குணமாவதால் வழக்கு விழுந்துவிடாது. வந்த நோய் வந்ததுதான். சிகிச்சை எடுக்காமல் இழுத்தடித்தால்தான் சிக்கல்: பாதிப்பைக் குறைக்க நீங்கள் முயலவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். பல நாடுகளில் அதைச் சொல்லியே தொகையைக் குறைப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே வரி: 'லீவு நாட்களில் இருமல் குறைகிறது.' தலைவலி, கண் எரிச்சல், சோர்வு எல்லாம் காற்றோட்டம் குறைந்த அறையில் சகஜம். வெளியே வந்தால் போய்விடும். 1,400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,400 பங்கு) விஷமில்லை, வெளிக்காற்று போதவில்லை என்று காட்டுகிறது, அவ்வளவுதான். பல நாடுகளில் எட்டு மணி நேர வேலைக்கான வரம்பே 5,000. ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் உடல் பூஞ்சையைச் சந்தித்திருக்கிறது என்று அர்த்தம். நோய் என்று அர்த்தமில்லை. இணையத்தில் பார்த்து அடுத்தடுத்து பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

அந்த இருமல் தொழில்சார் ஆஸ்துமாவாக, அதாவது வேலையிடத்துக் காற்றால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். முதலில் ஒருநாள் லீவிலேயே அடங்கும். பிறகு ஞாயிறு முழுக்க இருந்தாலும் அடங்காது. ஒரு வாரம் விடுப்பெடுத்தும் தீரவில்லை என்ற நிலை வந்தால், வேலையை விட்ட பிறகும் ஆஸ்துமா உங்களோடு தங்கிவிடக்கூடும். அறிகுறி தொடங்கிய பிறகும் அதே காற்றில் எவ்வளவு காலம் இருக்கிறீர்களோ, அவ்வளவுக்கு மீள்வது கடினம்.

இதைக் கண்டுபிடிக்க உதவும் கருவி பீக் ஃப்ளோ மீட்டர்; மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று எண்ணில் காட்டும். நின்றுகொண்டு, மூச்சை முழுதாக இழுத்து, உதட்டை இறுக்கி மூடி, பட்டென்று ஒரே ஊதாக ஊதவும். மூன்று முறை ஊதி, அதிகபட்ச எண்ணைக் குறிக்கவும். முதல் இரண்டு பெரிய எண்களுக்கிடையே நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஊதியது சரியில்லை. எழுந்ததும், வேலையின் நடுவில், வீடு திரும்பியதும், படுக்கும்முன் என நாளுக்கு நான்கு தடவையாவது, லீவு நாட்களையும் சேர்த்து நான்கு வாரம். சிலருக்கு எண் இறங்குவதே இரவில்தான், ஆகவே ஆபீஸ் நேரத்தில் மட்டும் ஊதிப் பயனில்லை. தவறிய வேளையைக் காலியாக விடுங்கள். ஒரே உட்காரலில், ஒரே பேனாவில் நிரப்பிய தாள் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தேதி, நேரத்தைத் தானே பதியும் மின்னணு மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

இங்கேதான் உங்கள் பிரெட்னிசொலோன் காரியத்தைக் கெடுக்கிறது. மாத்திரை போட்ட நாட்களில் எண்கள் இறங்காமல் போகலாம்; அப்போது நோயும் தெரியாது, ஆதாரமும் போச்சு. சர்க்கரை, எலும்பு பற்றிய கவலை தனி. மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள். இன்ஹேலர் அடித்த நேரத்தையும் அதே தாளில் குறியுங்கள்.

பதிவு முடியும்முன் ராஜினாமா செய்யாதீர்கள். வேலையை விட்டுச் சில வாரம் போனால் பரிசோதனை முடிவுகள் நோயே இல்லாததுபோல் வரலாம். ஆனால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சுத்திணறினால் பதிவை விட்டுவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். வேலைக்குப் போன சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் அது வேறு நோயாக இருக்கலாம், விட்டால் நுரையீரல் தழும்பாகிவிடக்கூடும்; எக்ஸ்ரேயோடு நிறுத்தாமல் சிடி ஸ்கேன் கேளுங்கள்.

நெஞ்சுநோய் மருத்துவரிடம் முதல் நாளே வேலை, கசிவு, தொடங்கிய மாதம், சிகரெட் பழக்கம் எல்லாவற்றையும் சொல்லி எழுதவையுங்கள். அந்தச் சீட்டைத்தான் வக்கீல்கள் முதலில் புரட்டுவார்கள். வழக்குத் தொடரும் காலக்கெடு, நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு தெரிந்த நாளிலிருந்து ஓடுவது பல இடங்களில் வழக்கம். எனவே வக்கீலைப் பார்க்கவும் தாமதிக்காதீர்கள். நிர்வாகத்துக்குக் கசிவு பற்றி எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் மாற்றிய பதிவையும் கேளுங்கள். 'ஆபீஸ் காற்றுதான் காரணம்' என்று சான்றிதழ் கேட்டு எந்த மருத்துவரையும் நெருக்காதீர்கள். நான்கு வாரத் தாளைப் பார்த்த பிறகு, அதிக சாத்தியம் உண்டா இல்லையா என்று அவரே எழுதுவார்.