நிறுத்தங்கள் இரட்டித்தால் கிலோமீட்டரும் இரட்டிக்குமா?

கேள்வி: 6 கி.மீ.க்கு 6 கி.மீ. பகுதியில் ஒரே வண்டியில் தினமும் 100 வீடுகளுக்குப் பார்சல் கொடுக்கிறோம். முகவரிகள் தினமும் மாறும். வண்டி எவ்வளவு ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? 200 வீடுகள் ஆனால் தூரமும் இரட்டிக்குமா?

பதில்: இரட்டிக்காது, சுமார் 1.4 மடங்குதான் ஆகும். வீடுகள் நெருங்க நெருங்க, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் தூரம் குறைந்துவிடும்.

முகவரி ஒன்றுகூடத் தெரியாமல் தூரத்தைக் கணிக்க முடியும் என்பதுதான் இதில் வேடிக்கை. பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி என்ற மூன்று கணிதவியலாளர்கள் 1959-இல் நிறுவியது இது: புள்ளிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தாலும், எல்லாவற்றையும் தொட்டுத் திரும்பும் மிகக் குறுகிய சுற்றின் நீளம், எண்ணிக்கையையும் பரப்பளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவதற்கு நேர்விகிதத்தில் அமையும். பெருக்க வேண்டிய மாறிலி சுமார் 0.7124. அதன் துல்லியமான மதிப்பு இன்றுவரை யாருக்கும் தெரியாது; இது கணினியில் போட்டுப் பார்த்துக் கிடைத்தது.

ஆனால் அந்த எண் புள்ளிகள் மிக அதிகமாக இருக்கும்போதுதான் சரிவரும். எண்ணிக்கை குறைந்தால் விளிம்பு ஓரப் புள்ளிகளால் சுற்று நீளும். சதுரப் பகுதியில் 100 புள்ளிகளுக்கு 0.776, 50-க்கு 0.805, 20-க்கு 0.86 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கு: 100 × 36 = 3600, வர்க்கமூலம் 60. அதை 0.776 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 46.6 கி.மீ. இது பறவை பறக்கிற தூரம். தெருக்கள் கட்டம் கட்டமாக இருந்தால் சராசரியாக 1.27 மடங்கு கூடும். ஆக 59 கி.மீ. பக்கம். கிடங்கு பகுதிக்கு வெளியே இருந்தால் போகவர ஆகும் தூரம் தனி. வீடுகள் அங்கங்கே கொத்தாக இருந்தால் கணிப்பைவிடக் குறையும்.

சரி, இரண்டாவது வண்டி போடுவதாக இருந்தால்? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஆர்டர் வந்த வரிசைப்படி ஆளுக்கு 50 என்று கொடுத்தால், இரண்டு வண்டியும் பகுதி முழுக்கச் சுற்றும்: பறவை பறக்கிற தூரக் கணக்கில் ஒவ்வொன்றும் 34 கி.மீ., மொத்தம் 68. பகுதியை நடுவில் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுத்தால் எண்ணிக்கை, பரப்பு இரண்டுமே பாதியாகும். அதே கணக்கில் மொத்தம் 50 கி.மீ.யை ஒட்டியே நிற்கும்.